படகுக்குப் பிறகு வந்தவர்கள்

மெக்சிகோ வளைகுடாவில் ஒரு சூறாவளி உருவாகிக் கரையேறும் ஒவ்வொரு முறையும் ஒரே வகைப் புகைப்படம் சுற்றுக்கு வருகிறது. மார்பளவு நீரில் ஒரு சிறிய அலுமினியப் படகு, அதில் போர்வை சுற்றிய ஒரு மூதாட்டி, மடியில் ஒரு நாய், பின்னால் மோட்டாரைப் பிடித்தபடி தொப்பி அணிந்த ஒருவர். அந்தப் படத்தை நானும் பகிர்ந்திருக்கிறேன். 2017 ஆகஸ்ட் 29 அன்று, ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நானும் மனைவியும் நான்கு வயது மகளும் அப்படியொரு படகில்தான் வெளியேறினோம். ஆகவே படகுக்காரர்களைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் பேரிடர்க்கால உதவி என்றவுடன் படகு மட்டுமே நம் நினைவுக்கு வருகிறதே, அதைப் பற்றி எனக்குச் சில மாற்றுக் கருத்துகள் உண்டு.

அந்தச் சூறாவளியின் பெயர் ஹார்வி. அது ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் என்ற ஊருக்கு அருகே நான்காம் வகைச் சூறாவளியாகக் கரையைக் கடந்தது. கடந்தபின் நகர்ந்துவிடாமல் டெக்சாஸ் கடலோரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததுதான் வினையாயிற்று. நெடர்லாந்து என்ற சிற்றூரில் 60 அங்குலத்துக்கும் அதிகமாக மழை பதிவானது. அதாவது சென்னை ஓராண்டில் பெறும் சராசரி மழையைவிட அதிகமானது சில நாட்களில் கொட்டித் தீர்த்தது. 27ஆம் தேதி, ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியின் அப்போதைய நிர்வாகத் தலைவர் எட் எம்மெட் (அங்கே அந்தப் பதவிக்கு ‘ஜட்ஜ்’ என்று பெயர், வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்பவர் என்று எண்ணிவிடாதீர்கள்) படகும் உயரமான வண்டியும் வைத்திருப்பவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். மீட்புப் படையினரால் மட்டும் இயலாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட நேரம் அது. மக்கள் வந்தார்கள். கைப்பேசியை வாக்கி டாக்கியாக மாற்றும் ஜெல்லோ செயலியில் முகவரிகளைக் கேட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் படகு விட்டார்கள். லூசியானாவிலிருந்து ‘கேஜன் நேவி’ என்ற பெயரில் மீன்பிடிப் படகுகளை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். 2005இல் கத்ரீனா சூறாவளி லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது உருவான பெயர் அது. அப்போது வீடிழந்து வந்தவர்களை ஹூஸ்டன் தன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் தங்கவைத்தது. அதற்கு மறுமொய் செய்ய வந்ததாகவே அவர்களில் பலர் சொன்னார்கள்.

அந்த நாட்களின் நல்ல கதைகளை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. எல் பொலியோ என்ற மெக்சிகோ ரொட்டிக் கடையில் வெள்ளத்தால் வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்ட ஊழியர்கள், சும்மா உட்கார்ந்திராமல் இரண்டு நாட்கள் ரொட்டி சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அது முகாம்களுக்குப் போயிற்று. ஜிம் மேக்கிங்வேல் தன் மரச்சாமான் கடைகளைத் திறந்துவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளிலேயே மக்களைப் படுக்கச் சொன்னார். இவர்கள் எவரும் உதவி செய்வதற்கென்று புதிதாக எதையும் கற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கையில் மாவும் அடுப்பும் இருந்தவர் ரொட்டி சுட்டார், மெத்தை இருந்தவர் மெத்தை கொடுத்தார்.

எங்களை ஏற்றிச்சென்றவர் அரை மணி நேரத்தில் பத்துச் சொற்கள் பேசியிருந்தால் அதிகம். மேட்டுச் சாலையில் இறக்கிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

என் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் வீடு பார்க்கர் வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கத்தின் மேற்புறத்தில், அதாவது அணை தடுத்த நீர் தேங்கிப் பின்னோக்கி ஏறும் பக்கத்தில் இருந்தது. மழை நின்று வானம் நீலமான பிறகும் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை. வீட்டுக்குள் மீண்டும் கால் வைக்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. கதவைத் திறந்ததும் வந்த வாடையை இன்றுவரை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. அமெரிக்க வீடுகள் செங்கல் வீடுகளைப் போல் தோன்றினாலும் உள்ளே எலும்புக்கூடு முழுவதும் மரச் சட்டம். அதன்மேல் அறையப்பட்ட ஷீட்ராக் என்ற ஜிப்சம் பலகைதான் சுவர். வெள்ளம் இரண்டடி நின்றால் பலகை திரியைப்போல நீரை உறிஞ்சி மூன்றடிக்கு ஏற்றிவிடும். ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை தொடங்கிவிடும் என்பார்கள். எங்கள் சுவருக்குப் பன்னிரண்டு நாட்கள் கிடைத்திருந்தன. கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்த அதைப் பார்த்தபடி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நானும் மனைவியும் வாசலில் நின்றோம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதுவரை என் கையில் இருந்த பெரிய கருவி ஸ்க்ரூடிரைவர்.

பத்து மணிவாக்கில் முன்பின் அறியாத ஆறு பேர் வந்தார்கள். அருகிலிருந்த தேவாலயம் ஒன்றைச் சேர்ந்தவர்கள்; கூடவே தமிழ் நண்பர் ஒருவரும், அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் இருவரும். அவர்களை வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற தச்சர், எழுபது வயதிருக்கும். வந்தவுடன் கடப்பாரையைத் தூக்கிவிடாமல் முதலில் என்னை நிறுத்தினார். ஒவ்வோர் அறையிலும் நீர் நின்ற கோட்டைப் படம் எடுக்கச் சொன்னார். குளிர்பெட்டி, சலவை எந்திரம் ஆகியவற்றின் பின்பக்க எண்களையும் எடுக்கச் சொன்னார். உடைத்துத் தெருவோரம் குவித்தபின் எது இருந்தது, எது இல்லை என்று எவரிடமும் நிறுவ முடியாது என்பதை அவர் முந்தைய வெள்ளங்களில் கற்றிருந்தார். பிறகு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் சுவர் நெடுகக் கோடு கிழித்தார். பலகையின் அகலம் நான்கடி. அந்த அளவில் வெட்டினால் புதுப்பலகையை வெட்டாமல் அப்படியே பொருத்தலாம். மாலைக்குள் பலகை, உள்ளே நனைந்த கண்ணாடி இழைப் பஞ்சு, கம்பளம், சமையலறை அலமாரிகள் எல்லாம் தெருவோரத்துக்குப் போய்விட்டன. ஊர் முழுவதும் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் அந்த வீட்டின் வயிறு வெளியே கிடந்தது. இந்த வேலைக்கு அங்கே ‘மக்கிங் அவுட்’ என்று பெயர். இதை எவரும் படம் எடுத்துப் பகிர்வதில்லை.

சுவரை உரிப்பது வேலையின் முதல் நாள் மட்டுமே. மரச் சட்டம் முழுவதும் காயும்வரை புதுப்பலகை அடிக்கக் கூடாது. அதற்கு வாரக்கணக்கில் விசிறியும் ஈரம் உறிஞ்சும் எந்திரமும் ஓடவேண்டும். நாங்கள் வீடு திரும்ப ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள் நூற்றுக்கணக்கான சிறு உதவிகள். மூன்று வாரங்கள் எங்கள் துணிகளைத் துவைத்துக் கொடுத்தவர்களிடம் நான் பட்ட கடன் படகுக்காரரிடம் பட்டதைவிடக் குறைந்ததன்று.

காகித வேலையில் கிடைத்த உதவியைத் தனியே சொல்லவேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. வெள்ளக் காப்பீடு தனி. எங்களைப்போல அதை எடுக்காதவர்கள்தான் அதிகம். மத்திய அரசின் பேரிடர் முகமையான ஃபீமாவின் நிதியுதவியோ எங்களைப்போல எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. நாங்களும் அதைக் கேள்விப்பட்டுக் கையை விரித்துவிட்டோம். வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சிறு குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்பதை முகாமில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தன்னார்வலர்தான் எங்களுக்குச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு எங்களுக்குச் சில ஆயிரம் டாலர்.

இதற்கு நேர்மாறாக, நல்லெண்ணத்தோடு வந்து பாரமாகிப்போனவை பழைய துணி மூட்டைகள். மழையில் நனைந்த ஊருக்குக் குளிர்காலக் கோட்டுகளை அனுப்பியவர்களை நான் குறை கூறவில்லை; ஆனால் அவற்றைப் பிரிக்கவும் அடுக்கவும் செலவான ஆட்கள் அந்த நேரத்தில் ஒரு வீட்டின் சுவரை உரித்திருக்கலாம். கொடுக்கிறவருடைய வீட்டில் எது மிச்சம் என்பதற்கும் வாங்குகிறவருக்கு எது வேண்டும் என்பதற்கும் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்புத்தான் இருக்கிறது. அதைச் செய்யப் பலருக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. மக்கள் மக்களுக்கு உதவினார்கள் என்ற புகழுரை சில மேடைகளில் மிக வசதியான திரையாகிவிடுகிறது. பார்க்கர், ஆடிக்ஸ் நீர்த்தேக்கங்கள் 1940களில் கட்டப்பட்டவை. அவை நிரம்பினால் எவ்வளவு நிலம் மூழ்குமோ அவ்வளவையும் அரசு கையகப்படுத்தவில்லை. விடுபட்ட நிலத்தில் பின்னாளில் குடியிருப்புகள் எழுந்தன, அதில் ஒன்றை நானும் வாங்கினேன். மேற்புறத்து வீடுகள் மூழ்கியதற்கு மத்திய அரசு பொறுப்பு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை படகுகள் வந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. உதவிக்கு வந்தவர்களில் நாட்கூலிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் எனக்குக் கொடுத்த ஒவ்வொரு நாளும் அவர்கள் வீட்டில் குறைந்த ஒரு நாள் கூலி.

வேலை முடிந்த அன்று அந்தத் தச்சர் தன் சிறிய கடப்பாரையை என் வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்தபோது, வைத்துக்கொள் என்றார். 2019 செப்டம்பரில் இமெல்டா புயல் வந்து ஹூஸ்டனின் கிழக்குப் பக்கத்தை மூழ்கடித்தபோது அதை எடுத்துக்கொண்டு போய் நான்கு வீடுகளில் சுவர் உரித்தேன். நான்கடி உயரத்தில் கோடு கிழிக்க எனக்கு இப்போது அளவுநாடா வேண்டியதில்லை. போன ஆண்டு அதை அலுவலக நண்பர் ஒருவர் கேட்டு வாங்கிச் சென்றார். இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.