புலித்தைலமும் ஒரு நாளிதழும்

ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் புலித்தைலத்தையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போன தலைமுறை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அந்த அறுகோணக் குப்பியில் பாயும் புலிக்குப் பின்னால் ஒரு பத்திரிகை முதலாளி இருந்தார் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

ரங்கூனில் ஹக்கா என்னும் சீன வம்சத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாக 1882இல் பிறந்த ஆவ் பூன் ஹா, தந்தை விட்டுச்சென்ற கடையைத் தம்பி பூன் பாருடன் சேர்ந்து வளர்த்து, 1926இல் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார். பெயரிலுள்ள ‘ஹா’வுக்குப் புலி என்று பொருள்; ஆக, அவருடைய பெயரிலேயே புலி இருந்தது. புலித்தலை பொருத்திய காரில், உறுமும் ஹாரனோடு அவர் நகரை வலம்வந்தார் என்றால், விளம்பரத்தில் அவருக்கிருந்த மோகத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

1929இல் அவர் தொடங்கிய சின் சியூ ஜிட் போ என்னும் சீன நாளிதழும் தைலத்துக்கு விளம்பரம் தேடத்தான் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. விளம்பரக் கணக்கு இருந்தது உண்மைதான். ஆனால் தைல விளம்பரத்தைப் பார்ப்பதற்காக எவரும் காசு கொடுத்து நாளிதழ் வாங்குவதில்லை. சீனத் தொழிலதிபர் டான் கா கீ 1923இலேயே நிறுவியிருந்த நன்யாங் சியாங் பாவ் நாளிதழோடு போட்டிபோட வேண்டுமானால், வாசகன் நம்பிப் படிக்கும் செய்தியை நாள்தோறும் தந்தாக வேண்டும். சுயநலத்துக்காகவே கட்டியிருந்தாலும், அது ஊர் கூடும் மண்டபமாகிவிட்டது.

இதை எழுதும்போது தமிழவேள் கோ. சாரங்கபாணியின் நினைவு வருகிறது. 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய அவருக்குப் பின்னால் எந்தத் தைலமும் இல்லை. கொள்கையை மட்டுமே முதலாகப் போட்டவர் பட்ட பாட்டைப் பார்த்தால், பத்திரிகைக்குப் பக்கபலமாக வேறொரு தொழில் இருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அந்தப் பணம் ஆசிரியரின் பேனாவைப் பிடித்து எழுதவைக்கிறதா என்பதே என் கவலை.

புலியாரின் பணம் நம்மவர் ஒருவருக்கும் மேடை தந்திருக்கிறது. 1950இல் அவர் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் என்னும் ஆங்கில நாளிதழில்தான், பின்னாளில் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்னம், குடியேற்ற ஆட்சி நடந்த காலத்திலேயே இணையாசிரியராக இருந்தார். யாழ்ப்பாணத் தமிழர், சீன முதலாளி, ஆங்கில நாளிதழ்: சிங்கப்பூரை விளக்க எனக்கு வேறு உதாரணம் வேண்டாம்.

பூன் ஹா 1954இல் ஹொனலூலுவில் காலமானார். ஸ்டாண்டர்ட் 1959இல் நின்றது. சின் சியூவும் நன்யாங்கும், அத்தனை ஆண்டுப் போட்டிக்குப் பிறகு, 1983இல் இணைந்து லியன்ஹ சாவ்பாவ் என்னும் ஒரே நாளிதழ் ஆயின. பாசிர் பாஞ்சாங்கில் அவர் தம்பிக்காகக் கட்டிய ஹாவ் பார் வில்லா மாளிகையின் பெயரை இன்று சிங்கப்பூரின் வட்டப் பாதை ரயிலில் நிலையப் பெயராகத் தினமும் அறிவிக்கிறார்கள். சின் சியூ என்ற பெயரில் நாளிதழ் வாங்க வேண்டுமென்றால் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குத்தான் போக வேண்டும்.