மாவு ஒட்டுன வாட்ச்

(பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம், காலை ஆறு மணி. வாக்கிங் வந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். அது எந்த ஊரிலும் அப்படித்தான். கேலரிப் படியில் ரிட்டயர்டு டிரில் மாஸ்டர், வயது 75. எதிரே மளிகைக்கடை அண்ணாச்சி, வயது 62, அவரிடம் படித்தவர். இரண்டு பேருக்கும் சுகர்.)

அண்ணாச்சி: யாரு, சாரா! ஒங்கள மைதானத்துப் பக்கமே பாத்ததில்லயே.

மாஸ்டர்: என்னவே இப்படிச் சொல்லிட்டீரு. முப்பது வருசம் மைதானத்துலயே கெடந்தவன்லா நான்.

அண்ணாச்சி: வேப்பமரத்து நெழல்ல நாற்காலியப் போட்டு விசிலு ஊதினிய. ஓடுனது நாங்க.

மாஸ்டர்: அத விடும். இந்தா பாரும், மவன் சிங்கப்பூர்லருந்து அனுப்புன வாட்ச். அடி அடியா எண்ணும், அவன் போன்ல தெரியும். ஆறு மாசமா தெனம் எட்டாயிரத்துக்குக் கொறயாது.

அண்ணாச்சி: எட்டாயிரமா! மூணு மாச சராசரி சுகர்னு HbA1c பாப்பாவள்லா, அது எவ்வளவு?

மாஸ்டர்: (தொண்டையைச் செருமி) 9.4.

அண்ணாச்சி: (கையைப் பிடித்துப் பார்த்து) வாருல என்ன வெள்ளையாக் காஞ்சு கெடக்கு? புளிச்ச வாடை வருது... இட்லி மாவுல்லா இது!

மாஸ்டர்: மெதுவாப் பேசும்வே.

அண்ணாச்சி: வீட்டம்மா கையிலயா கட்டி விட்டிய?

மாஸ்டர்: முத்தம் தெளிக்கதுல ஆரம்பிச்சு மாடி, கெணத்தடி, ரேசன் கடைன்னு பத்து மணிக்குள்ள அஞ்சாயிரத்தத் தாண்டிருவா. மவன் எனக்குப் போன் போட்டு ‘சபாஷ்ப்பா’ங்கான்.

அண்ணாச்சி: அம்மாவுக்கும் சுகர் உண்டுல்லா? அவங்களுக்கு எவ்வளவு?

மாஸ்டர்: 6.7.

அண்ணாச்சி: பாத்தியளா! நடந்தா, சதையே ரத்தத்துல உள்ள சீனிய இழுத்துக்கிடும், இன்சுலினக் கூட எதிர்பாக்காது. கட்டிக்கிட்டு நடந்தவங்களுக்குத்தான் எறங்கும், வாட்ச்சுக்குச் சொந்தக்காரருக்கு எறங்காது.

மாஸ்டர்: டாக்டரும் நம்பிட்டாருவே. இவ்வளவு நடந்தும் எறங்கலயேன்னு மாத்திரையக் கூட்டிட்டாரு. போன வாரம் கல்யாண வீட்டுல பந்தி பிந்திப் போச்சு. கை வெடவெடங்கு, சட்டை தொப்பலா நனஞ்சிட்டு. பந்தில நாலு பேரு சுகர் பாக்க மிஷின உருவுனாவோ. குத்திப் பாத்தா 62க்கு எறங்கிக் கெடக்கு.

அண்ணாச்சி: அய்யய்யோ!

மாஸ்டர்: மூணு ஸ்பூன் சீனியக் கரைச்சுக் குடுத்தாவோ. ஏழு வருசம் கழிச்சு சீனிவே! கால்மணி நேரத்துல திருப்பிப் பாத்தா 104. இன்னும் கொஞ்ச நேரம் 62லயே நின்னுருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.

அண்ணாச்சி: அதான் பயந்து இங்க வந்துட்டியளாக்கும்.

மாஸ்டர்: பயமா? அவ ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் போயிட்டா, தங்கச்சி வீட்டுக்கு. நேத்து நானே கட்டுனேன். பொழுதடைய 212 அடி. ‘அப்பா நல்லாத்தான இருக்காவோ’ன்னு மவன் அவளுக்குப் போன் போட்டுட்டான்.

அண்ணாச்சி: வாரத்துக்கு 150 நிமிசம் நடக்கணும் சார். சேந்தாப்ல ரெண்டு நாளைக்கு மேல விடக் கூடாது. செருப்பு இல்லாம நடக்காதிய, சுகர் உள்ள நம்ம காலுக்கு முள்ளு குத்துனாலும் தெரியாமப் போயிரலாம். பையில நாலு மிட்டாய் கெடக்கணும்.

மாஸ்டர்: (சட்டென்று எழுந்து) மிட்டாயா?

அண்ணாச்சி: கிறுகிறுன்னு வந்தாத்தான்.

(மாஸ்டர் உட்காருகிறார்.)

அண்ணாச்சி: அப்புறம், செவத்தப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னு பழகணும். வயசான காலத்துல விழுந்துரக் கூடாதுல்லா.

மாஸ்டர்: ஒத்தக் கால்ல தபசு நிக்கதுக்குக் கோமதியம்மன் இருக்காவே, சங்கரன்கோவில்ல.

அண்ணாச்சி: எந்திரிங்க சார். 1975ல லேட்டா வந்தேன்னு என்னயப் பத்துச் சுத்து விட்டிய, ஞாபகம் இருக்கா?

மாஸ்டர்: அதயா இன்னும் மனசுல வச்சிருக்கீரு?

(நடக்கிறார்கள்.)

அண்ணாச்சி: வாயத் தொறக்காம நடங்க. பேசுனா இன்னும் ரெண்டு சுத்து. நீங்க போட்ட சட்டந்தான்.

மாஸ்டர்: ஏல! நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதாம்ல சரியான வேகம்னு டாக்டரே சொல்லிருக்காரு!

அண்ணாச்சி: அப்பப் பாடிக் காட்டுங்க.

(மாஸ்டர் பாடுகிறார். குரல் கணீரென்று கேலரி வரைக்கும் கேட்கிறது.)

அண்ணாச்சி: வேகம் பத்தாது சார். இன்னும் ரெண்டு சுத்து.