தமிழுக்கும் தொடரியல் உண்டு

"தமிழில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், அதனால் தமிழுக்குத் தொடரியலே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொடரியல் என்றால் சொற்கள் சேர்ந்து வாக்கியமாகும் முறை. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. முடிவு தவறு.

'வியாபாரி மாம்பழத்தை எடை போட்டார்' என்பதை 'மாம்பழத்தை வியாபாரி எடை போட்டார்' என்றும் சொல்லலாம், சரி. எது செயப்படுபொருள் என்று 'ஐ' உருபு காட்டிக்கொடுப்பதால்தான் அது முடிகிறது. அந்த உருபும் தொடரியலின் வேலைதான். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் வேற்றுமைக்கென்று தனி இயல்களே வைத்திருக்கிறது.

அப்புறம், இடம் மாறுவது தனிச்சொல் இல்லை, சொற்கூட்டம். 'போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய மாம்பழத்தை அம்மா நறுக்கினாள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாம்பழத்தை' வரைக்கும் உள்ள நான்கு சொற்களும் ஒரே கட்டு. அதைப் பிரித்து, 'மாம்பழத்தை அம்மா வாங்கிய போச்சம்பள்ளிச் சந்தையில் நறுக்கினாள்' என்று போட்டால், அம்மா சந்தையிலேயே உட்கார்ந்து நறுக்கியதாக ஆகிவிடும்! 'வாங்கிய' என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்கிறது.

'நேற்று வந்த வியாபாரியின் மகன்' என்பதையும் பாருங்கள். வந்தது வியாபாரியா, மகனா? சொற்களும் வரிசையும் மாறவில்லை, ஆனால் கட்டு இரண்டு விதம், பொருளும் இரண்டு. எனக்குத் தொடரியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மொழிகளிலும் 'வாங்கிய' போன்ற எச்சம் பெயருக்கு முன்னால்தான் வரும், வினை பெரும்பாலும் கடைசியில் நிற்கும்.