லில்லி கேட்ட கேள்விக்கு ஸ்நேப்பிடம் பதில் இல்லை

ஹாரி பாட்டர் கதைகளில் மாயவித்தைப் பள்ளியான ஹாக்வார்ட்ஸின் ஆசிரியராக வரும் செவரஸ் ஸ்நேப்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. சென்ற வாரம் என் அக்கா மகளும் அதையே கேட்டாள்: "சித்தி, அவர் எல்லாவற்றையும் லில்லி மேல் வைத்த காதலுக்காகத்தானே செய்தார்? பிறகு ஏன் அவரைக் குறை சொல்கிறீர்கள்?" லில்லி என்பவள் ஸ்நேப்பின் சிறுவயதுத் தோழி, பின்னாளில் ஹாரியின் தாய். அக்கா மகளுக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது நூல் 2007 ஜூலையில் வெளிவந்தபோது நான் கல்லூரி மாணவி. ஸ்நேப்பின் நினைவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் 33ஆம் அத்தியாயத்தை விடுதி அறையில் அழுதுகொண்டே இரண்டு முறை படித்தேன். அவ்வளவு காலம் வெறுத்த ஒரு மனிதரை ஒரே அத்தியாயத்தில் நேசிக்க வைத்துவிட்ட எழுத்து அது, அந்த அழுகையை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆனால் பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் கழித்து அதே பக்கங்களைத் திரும்பப் படித்தபோது, முதல் வாசிப்பில் நான் கடந்து சென்ற ஓர் இடத்தில் மனம் நின்றுவிட்டது.

பள்ளியின் ஐந்தாம் ஆண்டில், சக மாணவனும் பின்னாளில் லில்லியின் கணவனுமான ஜேம்ஸின் கூட்டம் எல்லோர் முன்னிலையிலும் ஸ்நேப்பை அவமானப்படுத்துகிறது. தடுக்க வந்த லில்லியைப் பார்த்து அவர் "மட்பிளட்" என்கிறார். மாயவித்தை அறியாத பெற்றோருக்குப் பிறந்தவர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் அது. பிறப்பைச் சொல்லி ஒருவரைக் கீழே தள்ளும் சொல்லின் கனம் எப்படிப்பட்டது என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு அவள் தங்கியிருக்கும் இடத்தின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கும் ஸ்நேப்பிடம் லில்லி ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள்: என்னைப்போல் பிறந்த எல்லோரையும் அப்படித்தானே அழைக்கிறாய், நான் மட்டும் எப்படி விலக்கு? அதற்கு ஸ்நேப்பிடம் பதில் இல்லை.

காதல் அவரை மன்னிக்கப் போதுமா என்ற விவாதம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். ஸ்நேப் லில்லியை உண்மையாகவே நேசித்தார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நேசம் அப்போது அவருடைய மனத்தை அகலப்படுத்தவில்லை. உலகில் ஒருத்தியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற அனைவரிடமும் முன்புபோலவே நடந்துகொள்ள அவரை அது அனுமதித்தது.

பிறகு நடந்ததும் அதன் தொடர்ச்சியே. கொடிய மந்திரவாதி வோல்டெமார்ட்டின் கூட்டத்தில் ஸ்நேப் சேர்கிறார். வோல்டெமார்ட்டை வீழ்த்தும் வல்லமையோடு ஜூலை முடியும் தறுவாயில் பிறக்கப்போகும் ஒரு குழந்தையைப் பற்றிய தீர்க்கதரிசனத்தின் முற்பாதியை ஒட்டுக்கேட்டு, அதை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அது யாருடைய குழந்தை என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவருக்கு ஆதரவாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கோ அதுதான் அவருடைய குற்றத்திலேயே மிகக் கொடியதாகப் படுகிறது. எங்கோ ஒரு வீட்டில் பிறக்கவிருக்கும் முகமறியாத குழந்தையின் உயிரைத் தன் தலைவனின் கையில் கொடுத்துவிட்டு அவரால் இருக்க முடிந்தது. இலக்கு லில்லியின் மகன் என்று தெரிந்த பிறகுதான் நடுக்கம் வருகிறது. அப்போதும் அவர் வோல்டெமார்ட்டிடம் கேட்டது லில்லியின் உயிரை மட்டுமே. பிறகு ஒரு குன்றின்மேல், ஹாக்வார்ட்ஸின் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் முன் மண்டியிட்டு அவளுக்காகக் கெஞ்சுகிறார். கணவனும் குழந்தையும் செத்தாலும் உனக்குக் கவலையில்லையா என்று டம்பிள்டோர் அருவருப்போடு கேட்ட பின்னரே, எல்லோரையும் காப்பாற்றுங்கள் என்ற வார்த்தை ஸ்நேப்பின் வாயிலிருந்து வருகிறது. அப்படியும் லில்லி கொல்லப்படுகிறாள்; ஸ்நேப் டம்பிள்டோருக்காக வோல்டெமார்ட்டின் கூட்டத்தில் உளவாளியாக இருக்கிறார்.

அந்தத் தீர்க்கதரிசனம் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் லாங்பாட்டத்துக்கும் பொருந்தும் என்பதை ஸ்நேப்பை ஆதரிப்பவர்கள் ஏனோ பேசுவதில்லை. நெவில் பிறந்தது ஜூலை 30, ஹாரி பிறந்தது ஜூலை 31. வோல்டெமார்ட் ஒரு நாள் முன்னதாகப் பிறந்தவனைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஸ்நேப் அந்தக் குன்றின்மேல் மண்டியிட்டுக் கதறியிருப்பாரா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

அந்த நெவிலுக்குத்தான் ஸ்நேப் பின்னாளில் ஆசிரியராகிறார். நெவிலின் பெற்றோர் வோல்டெமார்ட்டின் ஆட்களான டெத் ஈட்டர்களின் சித்திரவதையில் மனம் சிதைந்து, பெற்ற மகனைக்கூட அடையாளம் தெரியாமல் மருத்துவமனையில் கிடப்பவர்கள். அப்படி ஒரு பிள்ளையின் முன்னால், எதிரே நிற்பவர் எதற்கு மிகவும் அஞ்சுகிறாரோ அந்த உருவை எடுக்கும் போகார்ட் வரும்போது, அது தாய் தந்தையைச் சிதைத்தவர்களின் உருவை எடுக்கவில்லை. ஸ்நேப்பின் உருவை எடுக்கிறது. பதின்மூன்று வயதுப் பையன் பிழையாகக் காய்ச்சிய மருந்தை அவனுடைய செல்லத் தேரைக்கே புகட்டிப் பார்ப்பேன் என்று வகுப்பறையில் மிரட்டியவர் அவர். ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரின் காலடி ஓசை கேட்டாலே என் கை வியர்த்துவிடும், பென்சிலைப் பிடிக்க முடியாது. அதனால் நெவிலின் பயத்தைக் கதையின் வேடிக்கைப் பகுதியாக என்னால் படிக்க முடிவதில்லை. வறுமையும் வீட்டுச் சண்டையும் பள்ளியில் பட்ட அவமானங்களும் ஸ்நேப்பை எப்படி உருவாக்கின என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் நெவிலிடம் அவர் நடந்துகொண்டதில் லில்லியின் மீதான காதலுக்கு என்ன வேலை?

ரசிகர்கள் சட்டைகளில் அச்சிட்டும் கைகளில் பச்சை குத்தியும் கொண்டாடும் அந்த "ஆல்வேஸ்" (எப்போதும்) என்ற சொல் எங்கே வருகிறது என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹாரியின் மீது உனக்கு அன்பு வந்துவிட்டதா என்று டம்பிள்டோர் கேட்கிறார். "அவன் மீதா?" என்று மறுக்கும் வகையில்தான் ஸ்நேப் தன் மந்திரத்தால், லில்லியின் காவல் உருவமாகவும் இருந்த வெள்ளிநிறப் பெண்மானை வரவழைக்கிறார். இத்தனை காலத்துக்குப் பிறகுமா என்று டம்பிள்டோர் கேட்க, அதன் பிறகே அந்தச் சொல். அதாவது, நாம் கொண்டாடும் அந்தக் கணம், கண்ணெதிரே வளர்ந்த ஒரு பிள்ளையை நேசிக்கவில்லை என்று ஒரு மனிதர் அறிவிக்கும் கணமும்கூட.

இவ்வளவு சொன்ன பிறகும் ஸ்நேப்பை நான் தள்ளிவிடவில்லை. அவருக்காகப் பேச வேண்டுமென்றால் காதல் இல்லாத இடங்களிலிருந்து பேசுவேன். எத்தனை பேர் சாவதைப் பார்த்திருக்கிறாய் என்று டம்பிள்டோர் கேட்கும்போது, அண்மைக் காலத்தில் என்னால் காப்பாற்ற முடியாமல் போனவர்களை மட்டுமே என்கிறார். ஹாரியின் பக்கத்தவரை டெத் ஈட்டர்கள் வானில் துரத்தும்போது, தன்னை அவமானப்படுத்திய ஜேம்ஸின் கூட்டத்தில் ஒருவரான லூப்பினைக் காப்பாற்ற, தன் உளவாளி வேடம் கலைந்துவிடக்கூடிய நிலையிலும் மந்திரக்கோலை உயர்த்துகிறார். குறி தவறி, ஹாரியின் நண்பன் ரானின் அண்ணன் ஜார்ஜின் காது போகிறது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது, தலைமையாசிரியர் அறையில் பேசும் ஓவியம் ஒன்று, மாயவித்தை அறியாத பெற்றோருக்குப் பிறந்த ஹாரியின் தோழி ஹெர்மயனியை "மட்பிளட்" என்று குறிப்பிடும்போது, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதே என்று அவர் சீறும் இடம். லில்லி இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் மரியாதை காப்பது தன் காதலிக்கு அல்ல, தான் ஒருபோதும் விரும்பாத ஒரு மாணவிக்கு. விலக்கு என்று ஒருத்திக்கு மட்டும் இருந்தது அங்கே மற்றவர்களுக்கும் நீள்கிறது. "காதலுக்காகச் செய்தார்" என்று சொல்லி முடித்துவிட்டால், அவர் தானாக நடந்து கடந்த இந்தத் தூரம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஹாரி அவரை மன்னித்தான், தன் இரண்டாவது மகனுக்கு ஆல்பஸ் செவரஸ் என்று பெயரிட்டான். அப்போதும் அவன் சொன்னது, தான் அறிந்தவர்களில் அநேகமாக அவரே மிகவும் துணிச்சலானவர் என்பதுதான். தனக்கு நேர்ந்ததை மன்னிக்கும் உரிமை ஹாரிக்கு முழுமையாக உண்டு, நெவிலுக்கு நேர்ந்ததை மன்னிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. கதையின் முடிவில் நெவில் அதே ஹாக்வார்ட்ஸில் மூலிகைப் பாட ஆசிரியர். அந்தச் சிறுவன் முதல் நாள் அவருடைய வகுப்பில் வந்து உட்காரும்போது, மாணவர் பட்டியலில் "செவரஸ்" என்ற பெயரை நெவில் எந்தக் குரலில் வாசித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.