பத்து ரூபாய் நாணயம் செல்லும்ங்க

கோவையில் காந்திபுரம், உக்கடம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் அந்தச் செய்தி சுற்றுகிறது: பத்து ரூபாய் நாணயத்தில் ரூபாய்க் குறி இல்லாமல் மேலே 15 கோடுகள் இருந்தால் அது கள்ளக்காசு, 10 கோடு போட்டது மட்டும்தான் நல்லது, கடைக்காரர்கள் வாங்க வேண்டாம் என்று.

இது தப்பு. ரூபாய்க் குறியே 2010-ல்தான் வந்தது, 2011-லிருந்துதான் காசில் ஏறியது. அதற்கு முன்னால் அடித்ததில் அது எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ஆம் தேதியே, அன்றுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது, அவர்கள் இணையதளத்தில் இன்றும் படிக்கலாம். கோடு எத்தனை என்று எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பேக்கரியிலும் டவுன் பஸ்ஸிலும் சில்லறைக்குச் சண்டை, அதே நேரம் வீட்டு டப்பாவில் பத்து ரூபாய்க் காசு குவிந்து கிடக்கிறது, இந்த வதந்தியால் வேறென்ன லாபம் என்று தெரியவில்லை. கடைக்காரர்களுக்கும் பயம் வேண்டாம், சேர்ந்த காசை வங்கிக் கிளைகள் வாங்கியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

அந்தச் செய்தி வந்தால் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடாதீங்க, அனுப்பியவரிடம் இதைச் சொல்லிவிடுங்க.