வீரத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை

இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரனான நைட் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது பெரும்பாலும் திரைப்படங்கள் தந்த உருவம்தான்: உச்சி முதல் பாதம் வரை பளபளக்கும் இரும்புத் தகடு, மாடத்தில் அமர்ந்து கையசைக்கும் சீமாட்டி, தடுப்பின் இருபுறமும் பாய்ந்து வரும் இரண்டு குதிரைகள். 12ஆம் நூற்றாண்டு நைட்டிடம் அந்தத் தகட்டுக் கவசமே கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு வளையங்களைக் கோத்துச் செய்த, 10 முதல் 15 கிலோ எடையுள்ள இரும்புச் சட்டையைத்தான் அவன் அணிந்தான். உடுப்பைத் திருத்திக்கொள்வது எளிது. வாழ்க்கையைப் பற்றிய நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்வதுதான் கடினம். நான் புரிந்துகொண்ட வரையில், நைட் என்பவன் முதலில் அடுத்தவர் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளை. அதன்பின், குதிரையையும் பிணைப்பணத்தையும் நம்பிப் பிழைத்தவன். அவனுடைய வீரமும் பெருந்தன்மையும் அந்தப் பிழைப்புக்குள்ளிருந்தே வந்தன என்பதே என் கருத்து.

இதற்கு வில்லியம் மார்ஷலைவிட நல்ல சாட்சி கிடையாது. 1147ஐ ஒட்டி இங்கிலாந்தில் பிறந்து 1219இல் இறந்த இவருடைய வாழ்க்கையை, இவர் இறந்த சில ஆண்டுகளில் 19,000 வரிகளுக்கு மேல் நீளும் பழைய பிரெஞ்சுச் செய்யுளாக ஒருவர் பாடி வைத்தார். பொருள் கொடுத்துப் பாட வைத்தவர் மார்ஷலின் மூத்த மகன் என்பதால், புகழுரையைப் பாதியாகக் குறைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் புகழ்வதற்காக எழுதியவர் எதையெல்லாம் புகழத் தக்கது என்று நினைத்தார் என்பதிலேயே அந்தக் காலத்தின் மனம் வெளிப்பட்டுவிடுகிறது.

மார்ஷலின் வாழ்க்கையே அடமானத்தில்தான் தொடங்குகிறது. 1152இல் நியூபரி என்ற ஊரில் இவருடைய தந்தையின் கோட்டையை இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன் முற்றுகையிட்டபோது, தற்காலிகப் போர்நிறுத்தத்துக்கு ஈடாக ஐந்தாறு வயதுச் சிறுவனான இவரைத் தந்தை பிணையாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வாக்கையும் மீறினார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று மிரட்டியபோது, இவனைவிட நல்ல பிள்ளைகளை உருவாக்கும் சுத்தியலும் பட்டடையும் தன்னிடம் இன்னும் இருக்கின்றன என்று அந்த மனிதர் பதில் அனுப்பினாராம். மன்னருக்குத்தான் மனம் வரவில்லை. அவருடைய கூடாரத்தில் மன்னரும் பையனும் புல்தண்டுகளை வீரர்களாகப் பாவித்து மோதவிட்டு விளையாடியதாகச் செய்யுள் சொல்கிறது. தந்தையைக் கல்நெஞ்சர் என்று இன்று நாம் ஏசலாம். ஆனால் பாடியவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மார்ஷலை வடபிரான்சின் நார்மண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே டாங்கர்வில் என்ற ஊரின் பிரபு, தாய்வழி உறவினர். பயிற்சி என்றால் வாள் சுழற்றுவது மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். வாளும் ஈட்டியும் இருந்தன, நட்ட கம்பத்தில் கட்டிய கேடயத்தைக் குதிரைமேல் வந்து குத்திப் பழகுவதும் இருந்தது. ஆனால் நாளின் பெரும்பகுதி குதிரைக்குத் தீனி வைத்து உருவிவிடுவதிலும், துருப்பிடித்த வளையச் சட்டையைத் துலக்குவதிலும், பிரபுவின் பந்தியில் நின்று இறைச்சி அரிந்து பரிமாறுவதிலும் கழிந்தது. யார் முன் எப்படி நிற்பது, யாரிடம் எப்போது வாய் திறப்பது, யாருடைய தயவு எந்த அளவுக்குச் செல்லும் என்பதை அந்தக் கூடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சொத்தில் பங்கில்லாத இளைய மகனுக்கு வாள்வீச்சைவிட இந்தக் கல்விதான் பிற்காலத்தில் சோறு போட்டது. மார்ஷலோ தின்பதிலும் தூங்குவதிலும் கெட்டிக்காரன் என்று அந்த வீட்டாரிடம் பட்டப்பெயர் வாங்கினார் என்பதையும் அந்தப் புகழ்ச் செய்யுளே மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

உடற்பயிற்சி கடுமையாக இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. இரண்டு நூற்றாண்டு கழித்து வாழ்ந்த பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி, தலைக்கவசம் தவிர மற்ற கவசமெல்லாம் அணிந்துகொண்டு குட்டிக்கரணம் அடிப்பார் என்றும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கமாகக் கைகளால் மட்டும் தொங்கியபடியே ஏறுவார் என்றும் அவர் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நைட்டைக் கயிற்றில் கட்டித் தூக்கித்தான் குதிரைமேல் வைப்பார்கள் என்ற கதையை இன்னும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1166ஐ ஒட்டி, நார்மண்டி எல்லையில் டிரான்கூர் என்ற ஊரில் சண்டை மூண்ட சமயத்தில் மார்ஷலுக்கு நைட் பட்டம் கிடைத்தது. அன்றைய தெருச்சண்டையில் அபாரமாகப் போரிட்டார். அவருடைய குதிரை செத்துவிழுந்தது. இரவு விருந்தில் எஸ்ஸெக்ஸ் பிரபு மாண்டவில், "மார்ஷல், எனக்கு ஒரு பழைய சேணவாராவது கொடு" என்று கேட்டார். என்னிடம் அப்படி எதுவும் இல்லையே என்று இவர் வெகுளியாகச் சொல்ல, இன்று நாற்பது அறுபது உன் கண்முன்னே போயினவே என்று பிரபு சொன்னதும் கூடமே சிரித்தது. வெற்றியாளன் எதிரியின் குதிரையைப் பிடித்திருக்க வேண்டும், ஆளைப் பிடித்துப் பிணைப்பணம் வாங்கியிருக்க வேண்டும். சும்மா வீரம் காட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிறவன் ஏமாளி. சண்டை ஓய்ந்ததும் டாங்கர்வில் பிரபுவுக்கு இவர் தேவைப்படவில்லை, புதுக் குதிரையும் கிடைக்கவில்லை. கவசத்தைச் சுமக்க ஒரு மட்டக்குதிரை வாங்குவதற்காக, பட்டம் பெற்றபோது அணிந்த மேலங்கியை 22 ஷில்லிங்குக்கு விற்றார். என்னைக் கேட்டால், பட்டமளிப்புச் சடங்கை விட்டுவிட்டு இந்த விற்பனையைத்தான் பாடப்புத்தகங்கள் முதலில் சொல்ல வேண்டும்.

மார்ஷலைக் கைதூக்கிவிட்டவை போட்டிப் போர்கள். அக்காலப் போட்டி, அரங்கத்தில் இருவர் மோதுவது அன்று. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயலும் தோப்புமே களம், நூற்றுக்கணக்கானவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நாள் முழுவதும் மோதுவார்கள். கொல்வது நோக்கமல்ல; எதிரியின் கடிவாளத்தைப் பற்றித் தன் பக்கத்துக்கு இழுத்துவந்துவிட்டால் அவனுடைய குதிரையும் கவசமும் பிணைப்பணமும் பிடித்தவனுக்கு. ஒருமுறை ஆனே என்ற ஊரின் தெரு வழியாக மார்ஷல் ஒரு நைட்டை இப்படி இழுத்துக்கொண்டு வந்தார். பிடிபட்டவனோ, தாழ்வாக நீட்டிக்கொண்டிருந்த கூரைத் தூம்பு ஒன்றைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கிவிட்டான். பின்னால் வந்த இளைய மன்னர் ஹென்றி (மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகன்; தந்தை இருக்கும்போதே முடிசூட்டப்பட்டவர்) அதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. சேர வேண்டிய இடம் சேர்ந்து, "இந்த நைட்டைப் பார்த்துக்கொள்" என்று மார்ஷல் தன் ஆளிடம் சொன்னபோது குதிரைமேல் வெறும் சேணம்தான் இருந்தது.

பிற்பாடு ரோஜர் என்ற இன்னொரு நைட்டோடு கூட்டுச் சேர்ந்து ஈராண்டு இதையே தொழிலாகச் செய்தார். லாபம் சரிபாதி. இளைய மன்னரின் அடுக்களை எழுத்தர் வீகேன் என்பவர் எழுதி வைத்த கணக்கின்படி, அதில் ஒரு பருவத்தில் மட்டும் பிடிபட்ட நைட்டுகள் 103 பேர். குதிரைகளும் சேணங்களும் அதில் சேர்த்தியில்லை. அடுக்களைக் கணக்குப்பிள்ளையின் ஏடு ஒரு வீரகாவியத்துக்கு ஆதாரமாகியிருப்பதைப் படித்து நான் வெகுநேரம் வியந்தேன். திருச்சபை 1130 முதலே இப்போட்டிகளைத் தடைசெய்து, களத்தில் இறப்பவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்றும் அறிவித்திருந்தது, யாரும் கேட்கவில்லை. 1194இல் மன்னர் ரிச்சர்ட் இன்னும் சாமர்த்தியமாக, இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் அனுமதி தந்து, ஏர்ல் என்ற உயர்குடிப் பிரபு என்றால் 20 மார்க் (அக்காலப் பணக் கணக்கு), நிலமற்ற நைட் என்றால் 2 மார்க் என்று கட்டணம் விதித்தார்.

எதிரியைக் கொல்லாமல் விடும் பெருந்தன்மை இந்த வரவுசெலவிலிருந்து பிரிக்க முடியாதது. 1168இல் பிரான்சின் புவாட்டு பகுதியில் தொடையில் காயம்பட்டுப் பிடிபட்ட மார்ஷலே, இரண்டாம் ஹென்றியின் மனைவியான அரசி எலியனார் பணம் கட்டியதால்தான் மீண்டார். பணம் கட்ட யாரும் இல்லாதவனுக்கு இந்த அறம் எந்தக் காவலும் தரவில்லை. 1188இல், படையைக் கலைப்பதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, ரகசியமாகத் திரும்பக் கூட்டி, பிரெஞ்சு மன்னரின் நிலங்களுக்குள் புகுந்து எரித்துச் சூறையாடலாம் என்று இரண்டாம் ஹென்றிக்கு யோசனை சொன்னவர் இதே மார்ஷல்தான். மன்னர் மெச்சினார், செய்யுளும் அதைப் பெருமையாகவே பாடுகிறது.

பிறகு திருமணத்தால் பெருநிலமும், 1199இல் பெம்புரோக் ஏர்ல் பட்டமும், 1216இல் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே ஆளும் பொறுப்பும் வந்தன. மரணப்படுக்கையில், பிறரிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்காதவனுக்கு மோட்சமில்லை என்று குருமார் போதித்ததை ஒருவர் நினைவூட்டியபோது, தான் 500 நைட்டுகளைப் பிடித்து அவர்களுடைய ஆயுதங்களையும் குதிரைகளையும் எடுத்துக்கொண்டதாகவும், அதற்காக வானுலகம் மறுக்கப்பட்டால் தன்னால் ஆவதொன்றுமில்லை என்றும் மார்ஷல் பதில் சொன்னார். குருமார் தங்களை மிக ஒட்ட மழிக்கிறார்கள், அதாவது அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் கடைசிக் கணக்கில் 500 நைட்டுகளுக்கு இடம் கிடைத்தது; 1188இல் வீடும் விளைச்சலும் பறிகொடுத்த உழவர்களைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசியதாகச் செய்யுள் சொல்லவில்லை.