எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்று பாண் சுடும் அச்சில் எழுதினால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை, பாணுக்குக் குழைத்து வைத்த மா அச்சின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி, அவணின் சூட்டுக் கம்பியில் வழிந்தது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு முழுவதும் புகை. மகள் ஜன்னல்களைத் திறக்க ஓடினாள். 500 கிராம் மாவும் மூன்று மணி நேர உழைப்பும் கண்முன்னே கருகின. நான் அளவு பார்க்காமல் செய்தவள் அல்ல. செய்முறையில் 9 அங்குல நீளம், 5 அங்குல அகலம் என்று இருந்தது. அச்சில் ஒட்டியிருந்த தாளிலும் அதே 9, அதே 5.

புகை அடங்கியதும் அளவுநாடாவை எடுத்தேன். 9 அங்குலம் வரத்தான் செய்கிறது, ஆனால் வெளியே மடிந்து நிற்கும் விளிம்பின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் சேர்த்து! அடியில் அளந்தால் ஏழரை அங்குலம்கூட இல்லை. அச்சைத் தண்ணீரால் நிரப்பி அளவுச் சாடியில் ஊற்றினேன். 1,400 மில்லிலீற்றர். ஒழுங்கான 9க்கு 5 அச்சென்றால் ஏறத்தாழ 1,900 கொள்ள வேண்டும். என் அரை லீற்றரை யார் விழுங்கியது?

1,400 என்பது எட்டரைக்கு நாலரை அச்சின் கொள்ளளவு. அதற்கு 350 கிராம் மா போதும். பெரிய அச்சுக்குத்தான் 500 கிராம். "அரை அங்குலம்தானே" என்று யாரும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். நீளத்தில் அரை, அகலத்தில் அரை, சரிந்த சுவரில் இன்னும் கொஞ்சம் என்று குறைந்தால் பாண் பொங்கி வழியும். மாறாகப் பெரிய அச்சில் குறைந்த மாவைப் போட்டால் அது மேலே ஏறாமல் பரவிப் படுத்துக்கொள்ளும். அந்தத் துண்டுகளுக்குள் மீனும் முட்டையும் வைத்து மூட முடியாது.

மத்திய வீதியில் வாங்கிய கடைக்கே திரும்பிப் போனேன். "அக்கா, எல்லா அச்சும் ஒன்றுதான். கேக்குக்கும் பாவிக்கலாம், பாணுக்கும் பாவிக்கலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. ஒன்றல்ல, தம்பி! கேக் எளிதாகக் கழன்று வருவதற்காகச் சுவரைச் சரித்து வைக்கிறார்கள். சாண்ட்விச் பாணுக்குச் சுவர் நேராக நிற்க வேண்டும். சரிந்த அச்சில் சுட்டால் துண்டின் அடி ஒடுங்கி, தலை காளான்போல விரிகிறது. பள்ளிக்கூடப் பெட்டிக்குள் அது அடங்குவதில்லை. ஓரத்தை வெட்டி வெட்டியே பாதிப் பாண் வீணாகிறது.

நேர்ச் சுவரும் மூடியும் உள்ள அச்சு உலகத்தில் இல்லாததா? புல்மன் ரயில் பெட்டிகளின் பெயரால் அழைக்கப்படும் அந்த அச்சில், நான்கு பக்கமும் சதுரமாக வெட்டிய பாண் கிடைக்கிறது. கொழும்பிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். 13 அங்குலம், அதாவது 33 சென்ரிமீற்றர். என் மேசை அவணின் உள் அகலம் 30. கதவு மூடவில்லை. 9 அங்குலத்திலும் அதே வகை உண்டு என்பதை விற்றவர் ஒரு வரியில் எழுதியிருந்தால் அதையே வாங்கியிருப்பேன்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்பவர் இல்லை. கறுப்பு அச்சு சூட்டை அதிகம் இழுக்கும். வெப்பத்தை 15 பாகை செல்சியஸ் அளவு குறைக்காவிட்டால் உள்ளே வேகுமுன் தோல் கருகும். சிலிக்கோன் அச்சில் ஓரம் சிவக்காது, பக்கங்கள் வயிறு தள்ளும். மூலை மடித்த தகர அச்சை நான் ஒரு மாரிகாலம்தான் வைத்திருந்தேன். கடலுக்கு இவ்வளவு அருகில், மடிப்புக்குள் ஈரம் தங்கினால் துரு பிடிக்கத்தான் செய்யும். வெளிர்நிற, தடித்த அலுமினியம்தான் இந்த ஊருக்குச் சரி. அதைக் கேட்டால் மா ஒட்டாத கறுப்பு அச்சையே திரும்பத் திரும்ப நீட்டுகிறார்கள், அதுதான் புதிதாம்.

ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது. நிறை குறைந்தால் கடைக்காரரைக் கேள்வி கேட்கிறோம். அச்சில் மட்டும் "ஒரு இறாத்தல்" என்று எழுதிவிட்டு, சுட்ட பாணா, பச்சை மாவா, எதன் இறாத்தல் என்று சொல்லாமல் விற்கலாம்! சீனக்குடாவில் மா ஆலையே இருக்கிற ஊர் இது. அந்த மாவைச் சுட ஓர் அச்சு வாங்கப் போனால், அதன் கொள்ளளவைக் கேட்டவுடன் என்னை ஏதோ வம்புக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஒரேயொரு எண். அடியில் ஒரு முத்திரை. தயாரிக்கிறவருக்கு அதில் என்ன குறைந்துவிடும்?

நாளை மறுபடியும் போகிறேன். கடைக்குள் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள் என்பதால் அளவுச் சாடியோடு இரண்டு கிலோ பச்சரிசியும் கொண்டுபோகிறேன். ஒவ்வோர் அச்சையும் அரிசியால் நிரப்பிச் சாடியில் கொட்டி அளப்பேன். 1,900 காட்டுகிற அச்சுக்கு மட்டும்தான் காசு.